மெட்டீரியல் உங்களுது சார்

போன வாரம் ஏ.சி.க்குத் தனி லைன் இழுத்து, ஹாலில் சுவிட்ச் போர்டையும் மாற்றிவிட்டுப் போன எலெக்ட்ரீஷியன், கைகழுவும்போது சொன்னார்: "நாளைக்கு ஏதாவதுன்னா என்னைக் கேக்காதீங்க. மெட்டீரியல் உங்களுது சார்." இன்னும் எரிகிறது. வயிறுதான், ஒயர் அல்ல.

எலெக்ட்ரீஷியன் பொருளில் கமிஷன் வைக்கலாமா கூடாதா என்று ஒரு தீர்ப்புச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். வருகிறேன்.

"லேபர் மட்டும் சொல்லுங்க, பொருளெல்லாம் நானே வாங்கித் தந்துடறேன்." திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட தோரணையில்தான் இதை எல்லோரும் சொல்கிறோம். வம்சத்தில் வந்தது. பத்தரிடம் பொன்னைக் கொடுத்துவிட்டு உலை முன்னால் கண்கொட்டாமல் உட்கார்ந்திருந்தவர் என் பாட்டி. முன்னால் அரைத்தவரின் கேழ்வரகு நம் கோதுமையில் கலந்துவிடாமல் மாவு மில்லில் காவல் நின்றவர் அம்மா. தையற்காரரிடம் வெட்டித் துணி கேட்டுச் சண்டை போட்டவர் அப்பா. ஒயர் விஷயத்தில் மட்டும் நான் ஏமாந்துவிடுவேனா?

எலெக்ட்ரீஷியன் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பட்டியல் எழுதிக் கொடுத்தார். கடைக்காரர் அதைப் பார்க்கவே இல்லை. "எலெக்ட்ரீஷியன் யாரு சார்?" என்றார். நானேதான் வாங்குகிறேன் என்றதும் அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. பெட்டியில் அச்சடித்த எம்.ஆர்.பி.யைக் காட்டி, பத்து சதவீதம் கழித்து, "உங்களுக்காக" என்றார். சுவிட்சை அந்த அச்சு விலைக்கு யாரும் வாங்குவதில்லை, எலெக்ட்ரீஷியன் போய் நின்றால் அதே பெட்டிக்குத் தள்ளுபடியே வேறு, அது போதாதென்று அவருக்காகப் பெட்டியில் கூப்பன் வைத்து அனுப்பும் கம்பெனிகளும் உண்டு. இதெல்லாம் ஊரறிந்த ரகசியம். ஆக, அவருக்குப் போகவேண்டியது கடைக்காரரிடமே தங்கிவிட்டது. எனக்கு ஒரு துணிப்பை கிடைத்தது.

வீட்டில், எலெக்ட்ரீஷியன் சுவிட்ச் பிளேட்டைப் பிரித்து, பல்லி விழுந்த சாம்பாரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "எட்டு மாடுல் சரிதான் சார். இது நீளம். நம்ம பாக்ஸ் சதுரம்." எட்டில் நீளம், சதுரம் என இரண்டு சாதி உண்டென்று காலண்டர் தாளில் எழுதினால் மை தீர்ந்துவிடுமா? கடைக்காரரோ, விற்ற பொருளைத் திரும்ப வாங்க மாட்டோம் என்று பில்லின் அடியைக் காட்டினார். எலெக்ட்ரீஷியன் போனில் "அண்ணே, நம்ம சைட்டுதான்" என்றதும் மாறி வந்தது.

அப்புறம் ஆரம்பித்தது. "டேப்பு இருக்கா சார்?" வாங்கி வந்தேன். சட்டையைக் கழற்றி மாட்டும்வரை காத்திருந்து, "பைப்புக்குப் பெண்டு?" என்றார். பெண்டு வந்தது. "ஒட்டறதுக்கு சொல்யூஷன்?" பெண்டு கேட்கும்போதே சொல்லக் கூடாதா ஐயா? கூடாது. பெண்டைக் கையில் வாங்கினால்தான் சொல்யூஷன் நினைவு வரும். சொல்யூஷன் டப்பாவைத் திறந்தால்தான் கிளாம்ப்பு நினைவு வரும். கிளாம்ப்பைச் சுவரில் வைத்துப் பார்த்தால்தான் ஸ்க்ரூ. ஸ்க்ரூ வந்தால், அதற்கு முன் சுவரில் செருக வேண்டிய பிளாஸ்டிக் கட்டை. கட்டை வந்தால், "சைஸ் பெருசு சார்." சின்னது வந்தால், "பெருசையே வெச்சிருக்கலாம்." கடைக்காரர் தூரத்தில் என் தலையைப் பார்த்ததுமே, "வாங்க சார், கிளாம்ப்பு வரைக்கும் வந்தாச்சா?" என்று கேட்குமளவுக்குத் தேறிவிட்டார். இத்தனையும் எலெக்ட்ரீஷியனின் பைக்குள்ளேயே இருந்தன. என் கண்ணால் பார்த்தேன். ஆனால் அது அவருடைய மெட்டீரியல். நான் வெயிலில் அலைந்த நேரமெல்லாம் அவர் ஃபேனுக்கு அடியில், என் மனைவி கொடுத்த காபியோடு, என் கணக்கில் நாள் கூலி.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்கு இவ்வளவு கூலி என்று அவர் நேராகக் கேட்டால், "ரெண்டு மணி நேர வேலைக்கா?" என்கிறோம். அதனால் கூலியை ஒயருக்குள் ஒளித்து வாங்குகிறார். ஒளித்தால் திருட்டு என்கிறோம். ஸ்க்ரூவுக்கு இத்தனை வாய் திறந்தவர், கூலி பத்தவில்லை என்று ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டால்தான் என்ன? கேட்டாலும் தரமாட்டேன், அது வேறு.

ஏ.சி.க்கு 4 எம்.எம். ஒயர். வெட்டி வாங்கினால் மீட்டர் விலை கூடுதல், சுருளாகவே எடுங்கள் என்றார் கடைக்காரர். ஒரு சுருள் 90 மீட்டர். சிவப்பில் ஒன்று, கறுப்பில் ஒன்று எடுத்தேன். சுவரில் போனது கால்வாசிகூட இல்லை. மிச்சத்தை எலெக்ட்ரீஷியன் தூக்கிப் போய்விடாமல் பரணில் ஏற்றிவிட்டேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டு, பில்லும் உண்டு. தாம்பரம் பக்கம் இருப்பவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம். வாங்கிய விலை போதும், கமிஷன் கிடையாது. அளக்கிற டேப்பையும் வெட்டுகிற கட்டரையும் மட்டும் மறக்காமல் நீங்களே கொண்டுவந்துவிடுங்கள்.