காணாமல் போன பன்னிரண்டு குதிரைகள்

அனுப்புநர்:
1986ஆம் வருடத்து ராஜ்தூத் 350 ஒன்றின் சொந்தக்காரன். (தங்கள் கோப்பில் வெறும் பொட்டல எண்.)

பெறுநர்:
உயர்திரு மதிப்பீட்டு அதிகாரி அவர்கள், வெளிநாட்டுப் பொட்டலப் பிரிவு, சுங்கத்துறை. (ஊர் பெயர் வேண்டாம். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.)

பொருள்: இரண்டு பிஸ்டன்களைப் பத்தொன்பது நாள் பத்திரமாக வைத்திருந்தமைக்கு நன்றியும், ஒரு சிறு விண்ணப்பமும் தொடர்பாக.

பார்வை: கண்ணாடிக்கு மேலாகத் தாங்கள் என்னைப் பார்த்த பார்வை.

ஐயா,

காசு கொடுத்து வாங்கியவனே பொருளை முழுதாகப் பார்க்காத காலம் இது. தாங்கள் பார்த்தீர்கள். அட்டைப்பெட்டியைப் பிரித்து, நுரைத்தாளை உருவி, பிஸ்டனை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, கவிழ்த்து, மேஜையில் தட்டி, கடைசியில் முகர்ந்தும் பார்த்தீர்கள். என் மகனுக்குப் பெண் தேடியபோது வந்த ஜாதகங்களைக்கூட எங்கள் வீட்டில் இவ்வளவு உற்றுப் பார்க்கவில்லை.

பிறகு விசாரணை.

“என்ன இது?”

“பிஸ்டன் சார்.”

“எந்த வண்டிக்கு?”

“ராஜ்தூத் 350.”

“அது இப்ப வருதா?”

“இல்ல சார், எண்பதுகளோட நின்னுபோச்சு.”

“அப்ப எதுக்கு?”

இந்தக் கடைசிக் கேள்விக்கு அன்று வாய் வரவில்லை. பின்னால் ஏழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அதனால் பதிலை எழுத்தில் தருகிறேன். கோப்பில் சேர்த்துக்கொள்ளவும்.

முதலில் வண்டியின் பூர்வீகம். யமஹா ஆர்டி 350 என்று 1973இல் ஜப்பானிலிருந்து கிளம்பியது. இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 347 சிசி, ஆறு கியர். பிறந்த வீட்டில் அதற்கு 39 குதிரைத்திறன். 1983இல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி அதை ராஜ்தூத் என்று பேர் வைத்து இங்கே கொண்டுவந்தபோது குதிரைகள் 30.5 ஆகியிருந்தன. முன்சக்கரத்து டிஸ்க் பிரேக்கும் காணோம், டிரம்தான் வந்தது. ‘லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?’ என்று கேட்டுவிட்டுத்தான் நம் ஊரில் வண்டிமேல் கையே வைப்பார்கள். எனவே சில வருடத்தில் இன்னும் இறுக்கி 27 ஆக்கினார்கள். முதலாவதற்கு ‘ஹெச்டி’ என்று பெயர், இரண்டாவதற்கு ‘எல்டி’. என்னுடையது எல்டி.

39இல் 27 போனால் 12. ஐயா, இந்தப் பன்னிரண்டு குதிரைகள் எந்தத் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கின்றன என்பதே என் வாழ்க்கையின் கேள்வி. திருட்டுப் போனது என்று நான் சொல்லவில்லை. காணோம் என்கிறேன், அவ்வளவுதான்.

கடல் வழியே குதிரை வரவழைப்பது நமக்குப் புதிதும் இல்லை. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில் குதிரைகள் கடல் கடந்து வந்து இறங்கின. அதே ஊரில் தங்கள் முன்னோர் மூட்டைகளுக்குப் புலி முத்திரை குத்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் குதிரைகள் எத்தனை நாள் கிடங்கில் நின்றன என்று புலவர் பாடவில்லை. தங்கள் சுங்கப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். உயிருள்ள குதிரைக்கு 0101. முதல் அத்தியாயம், முதல் தலைப்பு. என் குதிரைகளுக்கு உயிர் இல்லை, அதனால் 84ஆம் அத்தியாயம் வரை நடக்கவேண்டியதாயிற்று.

அங்கேதான் எனக்கு ஞானம் பிறந்தது. மோட்டார் சைக்கிள் உதிரிபாகம் என்று ஒரு தலைப்பு இருக்கிறது, 8714. பிஸ்டன் அதில் இல்லை. அது இன்ஜின் பாகமாம், 8409. கிராங்க் ஷாஃப்டைத் தேடினால் 8483. அதைத் தாங்கும் பேரிங் 8482. ஸ்பார்க் பிளக் மின்சாரச் சாதிக்காரர், 8511. கேஸ்கெட் செட் 8484, திருகாணி 7318, ரப்பர் ஓ-ரிங் 4016. மெக்கானிக் அண்ணன் ஒரு கோணியில் போட்டுத் தோளில் தூக்கிவரும் இன்ஜினைத் தங்கள் புத்தகம் ஏழு ஊருக்குக் குடிவைத்திருக்கிறது. கல்யாணத்துக்கு இவர்களையெல்லாம் ஒன்று சேர்ப்பது பெண் வீட்டுக்காரன் பாடு.

‘இங்கேயே வாங்கினால் என்ன?’ என்று தாங்கள் கேட்கலாம். வாங்கினேன் ஐயா. புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் நாலு சனிக்கிழமை அலைந்தேன். ஒரு கடையில், “ஒரிஜினல் இருக்கா?” என்றேன்.

“எந்த ஒரிஜினல் சார்? ஒரிஜினல் ஒரிஜினலா, கம்பெனி ஒரிஜினலா, ஒரிஜினல் மாதிரியா?”

ஒரிஜினல் ஒரிஜினல் என்பது ஜப்பான் டப்பாவோடு வருவது. டப்பா இருந்தது. உள்ளே இருந்த சரக்கு எப்போதோ விற்றுப்போயிற்று. டப்பா மட்டும் வேண்டுமானால் அதற்குத் தனி விலை. கம்பெனி ஒரிஜினலில் கம்பெனி எது என்று கேட்கக் கூடாது. ஒரிஜினல் மாதிரி என்பதை மட்டும் கடைக்காரர் சிரிக்காமல் கொடுத்தார். மூன்றில் நேர்மையான சரக்கு அதுதான்.

கம்பெனி ஒரிஜினலில் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போனேன். மெக்கானிக் அண்ணன் பேசவில்லை. பனியனில் கையைத் துடைத்துக்கொண்டு, மரப்பெட்டியிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்தார். பிஸ்டனின் பாவாடையில் மேலே, கீழே, குறுக்கே என்று நாலு இடத்தில் கவ்வவைத்தார். ஒவ்வொரு தடவையும் திருகு ‘கிர்ர்’ என்று வழுக்கும். அவர் உதட்டைப் பிதுக்குவார். பிறகு இரண்டையும் சமையலறைத் தராசில் வைத்தார். ஒன்றுக்கொன்று ஒன்பது கிராம் வித்தியாசம். “இது பிஸ்டன் இல்ல சார், பிஸ்டனோட பங்காளி” என்றார்.

மாணிக்கவாசகருக்காக இறைவன் நரிகளைப் பரியாக்கி மதுரைக்கு ஓட்டிவந்தார். ராத்திரியானதும் அவை பழையபடி நரியாகி ஊளையிட்டன. கடைத்தெருவில் நடப்பதும் அதே திருவிளையாடல்தான். அலமாரியில் இருக்கும்வரை பரி, ஆறாயிரம் ஆர்பிஎம் தாண்டினால் நரி.

காணாமல் போன குதிரைகளை மீட்க எத்தனையோ இடத்தில் கைவைக்க வேண்டியிருக்கிறது. சிலிண்டரின் போர்ட்டுகளை அரத்தால் உயர்த்தி அகட்ட வேண்டும். ரீட் வால்வின் இதழ்களை மாற்ற வேண்டும். கிராங்க் சீல் இரண்டையும் புதிதாகப் போட வேண்டும்: இடப்பக்கம் கசிந்தால் காற்று புகுந்து, கலவை மெலிந்து, பிஸ்டன் தலையில் ஓட்டை விழும், வலப்பக்கம் கசிந்தால் கியர்பாக்ஸ் ஆயிலை இன்ஜின் குடித்துவிட்டுத் தெருவுக்கே கொசுமருந்து அடிக்கும். சைலன்ஸரைக் கழற்றிவிட்டு, வயிறு பெருத்த எக்ஸ்பான்ஷன் சேம்பர் மாட்ட வேண்டும். எரியாமல் வெளியே நழுவப் பார்க்கும் புதுக் கலவையை அழுத்த அலையால் அடித்து உள்ளே திருப்பி அனுப்புவது அதன் வேலை. தங்கள் துறைக்கும் அதற்கும் எவ்வளவு ஒற்றுமை என்று அப்போதுதான் உறைத்தது.

இத்தனையையும் தாங்கப் பிஸ்டன் வலுவாக இருக்கவேண்டும். உருக்கி அச்சில் ஊற்றியது போதாது, கொல்லன் அடிப்பதுபோல் அழுத்தி உருவாக்கியது வேண்டும். அதற்கு ‘ஃபோர்ஜ்டு’ என்று பேர். அதனால்தான் அமெரிக்காவிலிருந்து வரவழைத்தேன். பொட்டலத்தின் மேல் ‘ஃபோர்ஜ்டு பிஸ்டன்’ என்று எழுதியிருந்ததைத் தாங்கள் விரலால் தொட்டுக்காட்டி, “போலின்னு அவனே எழுதி அனுப்பியிருக்கான், பாருங்க” என்றீர்கள். ஆங்கிலத்தில் போலிக்கும் அதே சொல்தான். அந்த வினாடியில் எனக்குத் தங்கள்மேல் பெரிய மரியாதை வந்தது. கடைத்தெருவில் போலியெல்லாம் ஒரிஜினல் என்று உலாவும் ஊரில், வந்த ஒரே ஒரிஜினல் போலி என்று பிடிபடுவதுதானே முறை? விளக்கம் சொல்லி, அதற்கு ஒரு சான்று வாங்கி, அதில் முத்திரை இல்லை என்று திரும்பி, முத்திரையோடு மறுபடி வருவதற்குள் ஆறு நாள்.

அடுத்த இடி, ‘விண்டேஜ்’ என்ற சொல். விற்றவன் பெருமைக்கு எழுதியது. “பழம்பொருளா?” என்றீர்கள். பழம்பொருளுக்கு 9706 என்று தலைப்பு இருக்கிறது. ஆனால் பொருளுக்கு நூறு வயது தாண்டியிருக்க வேண்டும். என் வண்டிக்கு அந்தப் பாக்கியம் 2086இல். பேரனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

போக்குவரத்துத் துறை இன்னும் தாராளம். 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்தபடி, முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் கடந்த வண்டி விண்டேஜ். நம்பர் பிளேட்டில் ‘விஏ’ என்ற எழுத்தும் கிடைக்கும். எனக்கு அது 2036. ஆனால் இன்ஜினிலோ சட்டகத்திலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத் தவிர அன்றாடம் ஓட்டவும் கூடாது. அதாவது, ஒரிஜினலாக வைத்திரு, ஆனால் ஒரிஜினல் சாமான் கிடைக்காது. வண்டியை உயிரோடு வைத்திரு, ஆனால் ஓட்டாதே. நாற்பது வயது என்பது மனிதனுக்கே இரண்டுங்கெட்டான் வயது. வேலைக்கு முதிர்ந்தவன், ஓய்வூதியத்துக்கு இளையவன். வண்டிக்கும் அதே கதி என்று அரசாங்கம் நினைப்பதில் ஒரு சமத்துவம் தெரிகிறது.

வரியைப் பற்றிப் புகார் இல்லை. பொருளின் விலை, விமானக் கூலி, காப்பீடு மூன்றையும் கூட்டி அதன்மேல் சுங்கம். அந்தச் சுங்கத்தில் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி. எல்லாவற்றையும் திரட்டி அதன் தலையில் ஐஜிஎஸ்டி. வரிக்கும் வரி கட்டுகிறவன் வீட்டில் லட்சுமி தங்குவாள் என்று நினைத்துக் கட்டினேன். என் பிஸ்டனால் எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு கரும்பலகை வந்தால் சந்தோஷம். முதலாம் குலோத்துங்கனுக்குச் சுங்கம் தவிர்த்த சோழன் என்று பேர். தாங்களும் அப்படிப் பேர் வாங்கவேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். பேர் வாங்கியவர்களுக்கு இடமாற்றல் வருகிற காலம் இது.

இனி தங்கள் கேள்வி. ‘அப்ப எதுக்கு?’

சிறுவனாக இருந்தபோது உடன்பிறந்த அண்ணன் என்னைச் செங்குன்றம் தாண்டி சோழவரத்துக்குக் கூட்டிப்போவான். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். அங்கேதான் மெட்ராஸின் பந்தயங்கள் நடந்தன. கொளுத்தும் வெயில், தார், நீலப் புகை. ஆர்டி 350 ஒன்று எதிரே வரும்போது கூட்டம் கத்தும். கடந்து போனபிறகு ஒரு வினாடி யாரும் பேசமாட்டார்கள். அதே ஓடுதளத்தின் ஓரத்தில் பெட்ரோலில் கார்புரேட்டர் கழுவிக்கொண்டிருந்த பையன்தான் இன்றைய மெக்கானிக் அண்ணன். அவருக்கு இப்போது கண்ணில் புரை. அந்த இன்ஜினை மைக்ரோமீட்டரோடு விரலாலும் படிக்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிச்சம். அவர் கை நடுங்குவதற்குள் அந்த ஒரு வினாடியை இன்னொரு தடவை கேட்கவேண்டும். இதற்கு எந்தத் தலைப்பு என்று தாங்களே போட்டுக்கொள்ளலாம்.

பத்தொன்பதாவது நாள் பொட்டலம் கைக்கு வந்தது. பரிசோதனைக் குறிப்பில் ‘பிஸ்டன், இரண்டு, ஒரே மாதிரி’ என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தீர்கள். ஆமோதித்து நானும் கையெழுத்துப் போட்டேன். பட்டறைக்குக் கொண்டுபோனதும், இது வெளிநாட்டுச் சரக்காயிற்றே என்று மெக்கானிக் அண்ணன்கூட மைக்ரோமீட்டரை எடுக்கவில்லை. ஒன்றை உள்ளங்கையில் வைத்து உருட்டினார். இன்னொன்றை உருட்டினார். பிறகு கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, பிஸ்டனின் தலையை என் பக்கம் திருப்பினார்.

ஒன்றில் 64.50 என்று பொறித்திருந்தது. மற்றதில் 64.75.

விற்றவன் மாற்றி அனுப்பிவிட்டான். கால் மில்லிமீட்டர், ஒரு விசிட்டிங் கார்டின் கனம். தங்கள் துறையில் எக்ஸ்ரே எடுத்தார்கள், விலையைச் சந்தேகப்பட்டார்கள், பெயரைச் சந்தேகப்பட்டார்கள், வயதைச் சந்தேகப்பட்டார்கள். தலையில் எழுதியிருந்ததை மட்டும் தாங்களும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. கடைத்தெருச் சரக்கை நாலு இடத்தில் அளந்து நரியைக் கண்டுபிடித்த நாங்கள், கடல் தாண்டி வந்ததைக் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொண்டோம். “ஒரு காலுக்கு எட்டாம் நம்பர், இன்னொரு காலுக்கு ஒன்பதாம் நம்பர் செருப்பு. ஓடலாம் சார், பந்தயம் ஓடமுடியாது” என்றார் அண்ணன்.

எனவே விண்ணப்பம் இதுதான். இரண்டு சிலிண்டரையும் 64.75க்கே போர் போடுவதாக முடிவு. அடுத்த மாதம் தங்கள் மேஜைக்கு ஒரே ஒரு பிஸ்டன் வரும். ‘ஜோடியில் இன்னொன்று எங்கே?’ என்று கேட்பீர்கள். அது என்னிடம் இருக்கிறது; அதற்கு வரி கட்டிய ரசீதும் இருக்கிறது. இந்தத் தடவை தட்டவேண்டாம், முகரவும் வேண்டாம். தலையைத் திருப்பி அந்த எண்ணை மட்டும் உரக்க வாசித்துவிடுங்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் மைக்ரோமீட்டரோடு நிற்கிறேன்.

இப்படிக்கு,
இருபத்தேழு குதிரைக்காரன்

இணைப்பு: 64.50 அளவுள்ள பிஸ்டன் ஒன்று. இனி எனக்கு உதவாது. தங்கள் மேஜையில் பேனா ஸ்டாண்டாக வைத்துக்கொள்ளலாம். அன்பளிப்பு என்று எண்ணவேண்டாம். தலைப்பு 8409, வரி கட்டியாயிற்று.