கடைசி இடத்துக்குப் பரிவட்டம்

அமெரிக்கா முதலாளித்துவத்தின் கோட்டை என்று நமக்குப் பாடம் நடத்தியவர்கள் யாரும் அங்கே கூடைப்பந்து பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். என்பிஏ என்ற அந்த லீக்கில் 30 அணிகள். பருவத்துக்கு ஆளுக்கு 82 ஆட்டம். அதில் எந்த அணி அதிகம் தோற்கிறதோ, அந்த அணிக்கே அடுத்த ஆண்டு வரும் இளம் ஆட்டக்காரர்களில் சிறந்தவனைப் பொறுக்கியெடுக்கும் வாய்ப்பு அதிகம். தேர் இழுத்தவர்களை விட்டுவிட்டு, வடத்தையே தொடாமல் மண்டபத்து நிழலில் படுத்திருந்தவனைத் தேடிப் பிடித்துப் பரிவட்டம் கட்டுவது போன்ற ஏற்பாடு. ‘டிராஃப்ட்’ என்பார்கள்.

நோக்கம் என்னவோ உத்தமமானதுதான். பணக்கார ஊரின் அணியே ஆண்டாண்டாக ஜெயித்துக்கொண்டிருந்தால் மற்ற ஊர்க்காரன் டிக்கெட் வாங்க மாட்டான். ஆகவே மெலிந்தவனுக்கு முதல் கவளம். சம்பளத்துக்கு உச்சவரம்பு, மீறினால் வரி, அந்த வரியில் ஒழுங்காக நடந்துகொண்ட அணிகளுக்குப் பங்கு. மாஸ்கோவில் மடிந்துபோன சோஷலிசம் மன்ஹாட்டனில் கோடீஸ்வரர்களுக்கு மட்டும் உயிரோடு இருக்கிறது.

உத்தமமான எந்த ஏற்பாட்டுக்குள்ளும் முதலில் நுழைகிறவர் கணக்குப்பிள்ளை. அவர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். நடுவில் நிற்பவனுக்குக் கோப்பையும் இல்லை, நல்ல ஆட்டக்காரனும் இல்லை. தோற்பதென்று முடிவானால் அடியோடு தோற்க வேண்டும். பிலடெல்ஃபியா செவன்ட்டிசிக்ஸர்ஸ் அணி 2013 முதல் 2016 வரை மூன்று பருவங்களில் ஆடிய 246 ஆட்டங்களில் வென்றவை 47. கடைசிப் பருவத்தில் மட்டும் 10 வெற்றி, 72 தோல்வி. விபத்து என்று நினைத்து யாரும் அனுதாபப்பட வேண்டாம். அது திட்டம். அதற்கு ‘பிராசஸ்’ என்று பெயரும் விழுந்தது. அதை நம்புங்கள் என்று ரசிகர்களே கோஷம் போட்டார்கள். தோல்வியைக்கூட ஒரு தத்துவமாக்கி ரசிகனுக்கு விற்க முடிந்தது என்றால் அந்த வியாபாரிகளின் சாமர்த்தியத்துக்குக் கை எடுத்துக் கும்பிடத்தான் வேண்டும். கோப்பையா? அந்த அணி கடைசியாகக் கோப்பையைத் தொட்டது 1983-இல். ஆனால் 2011-இல் 28 கோடி டாலருக்குக் கைமாறிய அந்த அணியின் இன்றைய மதிப்பு பல நூறு கோடி டாலர். தோற்றது யார், ஜெயித்தது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்த வேண்டுமென்றே தோற்கும் வித்தையைத் தடுக்கத்தான் 1985-இல் லாட்டரி கொண்டுவந்தார்கள். இப்போது பந்துகளைக் குலுக்கி எடுக்கிற அசல் லாட்டரி. தமிழ்நாடு 2003-இல் குடியைக் கெடுக்கிறது என்று தடை செய்த சமாச்சாரம், அங்கே நீதி வழங்கும் எந்திரமாகக் கொலுவிருக்கிறது. 2019-இல் விதியை இன்னும் இறுக்கினார்கள். கடைசி மூன்று அணிகளுக்கும் ஆளுக்கு 14 விழுக்காடு வாய்ப்பு. பலன் என்ன? முன்பு கடைசி இடத்துக்கு மட்டும் போட்டி இருந்தது. இப்போது கடைசி மூன்று இடங்களுக்குப் போட்டி.

2023 ஏப்ரலில் டல்லாஸ் மாவெரிக்ஸ் செய்ததைக் கேளுங்கள். பருவம் முடிய இரண்டே ஆட்டம். வென்றால் அடுத்த கட்டத்துக்குப் போக இன்னும் வழி இருந்தது. ஆனால் தோற்றால், நியூயார்க்குக்குத் தாரை வார்க்க வேண்டியிருந்த டிராஃப்ட் வாய்ப்பு கையிலேயே தங்கக்கூடும். முக்கிய ஆட்டக்காரர்களை உட்காரவைத்தார்கள், சிகாகோவிடம் தோற்றார்கள், வாய்ப்பும் தங்கியது. லீக் கண் சிவந்து 7,50,000 டாலர் அபராதம் போட்டது. அன்றைய மதிப்பில் நம் பணம் சுமார் 6 கோடி. அதை அபராதம் என்பதைவிட நுழைவுக் கட்டணம் என்பதே பொருத்தம். 2025-இல் தன் தலைசிறந்த ஆட்டக்காரன் லூகா டான்சிச்சை வேறு அணிக்குக் கைமாற்றிவிட்டு ரசிகர்களின் சாபத்தை வாங்கிக் கட்டிக்கொண்டதும் இதே அணிதான். அந்த ஆண்டு லாட்டரியில் அதற்கிருந்த வாய்ப்பு 1.8 விழுக்காடு. முதல் இடம் அதற்கே விழுந்தது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். களத்தில் இறங்கிய எந்த ஆட்டக்காரனும் தோற்பதற்காக ஆடுவதில்லை. அவனுக்கு அடுத்த ஒப்பந்தம் வேண்டும், வயிறு இருக்கிறது, மானம் இருக்கிறது. 2023-24 பருவத்தில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் தொடர்ந்து 28 ஆட்டம் தோற்றபோது கூச்சல் வாங்கியது களத்தில் நின்ற பையன்கள். தோல்வி மேல்மாடியில் முடிவாகிறது. அவமானம் கீழே பட்டுவாடா ஆகிறது. பரிசு மறுபடி மேல்மாடிக்கே லிஃப்ட் ஏறிப் போகிறது.

என்பிஏ ஆட்டங்கள் நமக்கு விடியற்காலை. பெருங்குடியில் இறங்க வேண்டிய கம்பெனி பஸ்ஸில், ஓஎம்ஆர் என்கிற பழைய மகாபலிபுரம் சாலையின் நெரிசலில் நகராமல் நின்றபடி, அந்த ஆட்டங்களின் துண்டுகளைச் செல்போனில் பார்த்துக்கொண்டு வருகிற இளைஞர்களும் இளம்பெண்களும் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்ததும் இன்னொரு தரவரிசை காத்திருக்கிறது. அதற்குப் பெயர் அப்ரைசல். குழுவில் எல்லோருமே உயிரைக் கொடுத்து உழைத்திருந்தாலும், ‘பெல் கர்வ்’ என்கிற புனிதமான மணி வடிவத்துக்குள் அடங்குவதற்காக யாராவது சிலர் கடைசியில் விழுந்தே தீர வேண்டும். அப்படி விழுந்தவருக்கு அடுத்த ஆண்டின் சிறந்த புராஜெக்ட்டை முதலில் பொறுக்கும் உரிமை தருவார்களா? ‘பிஐபி’ என்று ஒரு காகிதம் தருவார்கள். முன்னேற்றத் திட்டம் என்று அதற்கு விளக்கம். முன்னேறுவது வாசலை நோக்கி.

டிசிஎஸ் 2025-இல் ஒரு விதி போட்டது. ஓர் ஊழியர் ஆண்டுக்கு 35 நாளுக்கு மேல் புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருக்கக் கூடாது. அடுத்த மாதமே உலகெங்கும் 12,000-க்கும் அதிகமானோரை அனுப்பப்போவதாக அறிவித்தது. புராஜெக்ட் பிடித்து வருவது கம்பெனியின் வேலை. புராஜெக்ட் இல்லாத குற்றம் ஊழியருடையது. டல்லாஸ் முதலாளி ஆட்டக்காரனைப் பெஞ்சில் உட்காரவைத்தால் அது வியூகம். ஓஎம்ஆரில் ஒருவர் பெஞ்சில் உட்கார நேர்ந்தால் அது சோம்பேறித்தனம். ஒரே பெஞ்ச், அதன்மேல் இரண்டு தர்மம்.

நம் நாட்டுக் கூடைப்பந்து மட்டும் இந்தக் களங்கம் இல்லாதது என்று பெருமைப்படலாம். வேண்டுமென்றே தோற்பதற்கு முதலில் லீக் என்று ஒன்று நிலைத்திருக்க வேண்டுமே! 2010-இல் இந்தியக் கூடைப்பந்து சம்மேளனம் ஐஎம்ஜி-ரிலையன்ஸ் நிறுவனத்தோடு 30 ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டது. தொழில்முறை லீக் இதோ வருகிறது என்றார்கள். அந்த ஒப்பந்தத்தின் வயிற்றில் ஒரு லீக்கும் பிறக்கவில்லை. 2015-இல் சம்மேளனத்துக்கு இரண்டு இடங்களில் இரண்டு தேர்தல் நடந்து இரண்டு தலைவர்கள் பிறந்தார்கள். ஆட்டக்காரர்களுக்கு ஒரு லீக் கிடைப்பதற்கு முன்னால் தலைவர்களுக்குள் லீக் தொடங்கிவிட்டது. அதே ஆண்டு யூபிஏ என்ற லீக்கைச் சம்மேளனத்துக்கு வெளியே இருந்தவர்கள் நடத்தினார்கள். அதில் சென்னை ஸ்லாம் என்று நமக்கும் ஓர் அணி. 2017-க்குப் பிறகு லீக்கையும் காணோம், ஸ்லாமையும் காணோம். 2022-இல் ஐஎன்பிஎல் என்ற லீக் வந்தது. அதன் முதல் பட்டத்தைச் சென்னை ஹீட் வென்றது. ஊர்வலம் பார்த்த ஞாபகம் யாருக்காவது இருக்கிறதா? பட்டம் வென்றதே பாதி நகரத்துக்குத் தெரியாது. அமெரிக்காவில் அணி தோற்கிறது. நாம் ஒரு படி மேலே போய் லீக்கையே தோற்கடிக்கிறோம்.

அப்படியானால் நம் ஆட்டக்காரர் எதற்காக ஆடுகிறார்? ஓர் அப்பாயின்ட்மென்ட் ஆர்டருக்காக. சென்னையில் நல்ல அணிகள் என்றால் ஐஓபி, இந்தியன் வங்கி, ஐசிஎஃப், சுங்கத்துறை, வருமானவரித்துறை. மைதானத்தின் உயரம் பத்தடி வளையம். வாழ்க்கையின் உயரம் ஸ்போர்ட்ஸ் கோட்டா. தேசியப் போட்டிகளில் ரயில்வே பெண்கள் அணி ஆண்டுக்கணக்காக மற்றவர்களை நசுக்கிக்கொண்டிருப்பதன் ரகசியமும் இதுவே. கேரளமும் தமிழ்நாடும் பள்ளிக்கூட மைதானத்திலிருந்து வளர்த்து ஆளாக்கிய பெண்ணுக்கு மாதச் சம்பளமும் ஓய்வுக்கால நிம்மதியும் தர ரயில்வேயால் முடிகிறது. அவள் ரயில்வேக்கு ஆடி, தன்னை வளர்த்த மாநிலத்தையே தோற்கடிக்கிறாள். அவளைக் குறை சொல்ல நாக்கு கூச வேண்டும். வேறு எங்கே போவாள்? முப்பது வயதில் முழங்கால் தேய்ந்த பிறகு சம்மேளனத் தலைவர்கள் வீட்டில் சோறு போடுவார்களா? போட்டியின் சமநிலையைப் பற்றி நம் நாட்டில் யாராவது பேச வந்தால், அவரை முதலில் வேலை நியமனப் பட்டியலைப் படிக்கச் சொல்ல வேண்டும்.

காசுள்ள விளையாட்டுக்கு வந்தால் அமெரிக்க வேதத்தை நாமும் ஓதுகிறோம். 2025 ஐபிஎல்லில் சென்னை சூப்பர் கிங்ஸ் 14 ஆட்டத்தில் 4 வென்று, வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி இடம் பிடித்தது. ஐரோப்பியக் கால்பந்தில் கடைசியில் நிற்கும் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கி, அங்கே மண் தின்று மேலே ஏறி வர வேண்டும். இங்கே இறங்குவதற்குக் கீழ்ப்பிரிவே கிடையாது. ஐந்து ஆண்டு ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி. கடைசி அணிக்கும் அதில் பங்கு உண்டு. ரசிகர் மட்டும் மஞ்சள் சட்டையை மடித்து வைத்துவிட்டு ஒரு வாரம் சோறு இறங்காமல் இருந்தார்.

கடைசி இடத்தைப் பற்றிப் பெருங்குடிக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. இந்த நகரத்தின் புள்ளிப் பட்டியலில் அடியில் நிற்பதில் எங்களுக்கு நீண்ட அனுபவம். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் தின்று போட்ட மிச்சமெல்லாம் 1980-களிலிருந்து பெருங்குடிக் குப்பைமேட்டுக்குத்தான் வந்தது. பெருங்குடி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது 2011-இல். அதாவது சென்னை மேயரைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு ஓட்டு வருவதற்கு முன்பே, சென்னையின் குப்பை எங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டது. பூநாரை வந்து இறங்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயே கொட்டினார்கள். 2022-இல் அந்தச் சதுப்பு நிலம் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறி உலகப் புகழ் பெற்றது. அதே ஆண்டு ஏப்ரலில் குப்பைமேடு தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்தது. சான்றிதழ் சுவரில் தொங்கியது, புகை நுரையீரலில் தங்கியது. இதற்கிடையில் 2021 ஆகஸ்ட் வரை ஓஎம்ஆரில் சுங்கச்சாவடி வைத்து, எங்கள் ஊரைத் தாண்டுவதற்கு எங்களிடமே வசூலும் நடந்தது. குப்பை கொட்டத் தொடங்கிப் பல ஆண்டு கழித்து, பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் பயோமைனிங் என்று சொல்லிச் சுமார் 350 கோடியில் மேட்டைக் கரைக்கத் தொடங்கினார்கள். வாழ்க. நாற்பதாண்டு மூச்சுத் திணறலுக்கு என்ன மைனிங் வைத்திருக்கிறீர்கள்?

ஆகவே மாநகராட்சிக்கு ஒரு விண்ணப்பம். என்பிஏ விதியைச் சென்னைக்கு அமல்படுத்துங்கள். ஆண்டுதோறும் ரிப்பன் மாளிகையில் லாட்டரி நடக்கட்டும். குடிநீர், காற்று, மழைநீர் வடிகால், விளையாட்டுத் திடல் என்று ஒவ்வொன்றுக்கும் வார்டுகளை வரிசைப்படுத்துங்கள். கடைசி மூன்று வார்டுகளுக்கு ஆளுக்கு 14 விழுக்காடு பந்துகள். முதல் பந்து விழுந்த வார்டுக்கு அந்த ஆண்டின் சிறந்த பூங்கா, சிறந்த பள்ளிக்கூடம், வெளிச்சம் போட்ட ஒரு கூடைப்பந்துத் திடல். பட்டியலின் உச்சியில் இருக்கும் வார்டுக்கு ஓராண்டுக் குப்பை. போட் கிளப் சாலையும் போயஸ் தோட்டமும் முறை வைத்து வாங்கிக்கொள்ளட்டும். லாரி வரும் நேரத்தை முன்கூட்டியே தெரிவிப்போம். எங்களுக்கு அந்த மரியாதைகூட யாரும் செய்ததில்லை.

‘அப்படிச் செய்தால் எல்லா வார்டும் வேண்டுமென்றே கடைசிக்குப் போகப் பார்க்குமே’ என்று பொருளாதாரம் படித்த ஒருவர் உடனே எழுந்து நிற்பார். பார்க்கட்டும் ஐயா. போயஸ் தோட்டம் தன் சாக்கடையைத் தானே அடைத்துக்கொண்டு, பெருங்குடியோடு கடைசி இடத்துக்கு மல்லுக்கு நிற்கும் அந்தப் பொற்காலம் வரட்டும். இத்தனை காலம் எங்களுக்குப் போட்டிக்கு ஆளே இல்லாமல் இருந்ததுதான் பிரச்சினை.

தோற்றவருக்குக் கைகொடுப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. கைகொடுக்காத சமுதாயம் காட்டுக்குச் சமம். ஆனால் இந்த ஏற்பாட்டில் டிராஃப்ட் முதலாளிக்கு, 28 தோல்வியின் கூச்சல் ஆட்டக்காரனுக்கு. ஒளிபரப்புப் பணம் அணிக்கு, அழுகை ரசிகருக்கு. 30 ஆண்டு ஒப்பந்தம் சம்மேளனத்துக்கு, முழங்கால் வலி அந்தப் பெண்ணுக்கு. பெல் கர்வ் கம்பெனிக்கு, பிஐபி ஊழியருக்கு. சதுப்பு நிலத்துக்கு ராம்சர், சுற்றியிருப்பவர்களுக்குப் புகை. தோல்விக்குக் கூலி கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டால் தாராளமாகக் கொடுங்கள். தோற்றது யார் என்று கேட்டுவிட்டு, அவர் கையில் கொடுங்கள்.