நிற்றலியல்: ஊதியப் பேச்சு நின்றுபோகும் வகைகள்

மாணாக்க, கேள். ஊதியப் பேச்சு மூவகைப்படும்: முடியும் பேச்சு, முறியும் பேச்சு, நிற்கும் பேச்சு. முடிவது கையெழுத்தில் முடியும்; முறிவது வேலைநிறுத்தத்தில் முறியும். இவ்விரண்டையும் செய்தித்தாள்கள் வேண்டிய மட்டும் விளக்கிவிட்டமையால் இந்நூல் அவற்றைத் தொடாது. நிற்கும் பேச்சே எண்ணிக்கையில் மிகுந்தது, வாழ்நாளில் நீண்டது. ஆயினும் இன்றுவரை இலக்கணமின்றிக் கிடக்கிறது. அக்குறை இங்கே தீரும்.

நிற்றலாவது யாதெனின்: இரு சாராரும் வந்தமர்ந்து, வாய் அசைந்து, கோப்பு புரண்டு, காப்பி ஆறி, உடன்படிக்கை மட்டும் அசையாதிருத்தல். அமர்தல், அசைதல், புரளல், ஆறல் என்னும் நான்கும் நிற்றலுக்கு உறுப்பு. ஓர் உறுப்புக் குறையினும் அது நிற்றலாகாது. ஒரு சாரார் வாராவிடின் அது வாராமை. கோப்பு புரளாவிடின் அது நலம் கேட்டல். காப்பி ஆறாவிடின், அதாவது எவரேனும் அதைச் சூட்டோடு குடித்துவிட்டால், பேச்சு நகர்கிறது என்று கொள்க.

நிலம். நிற்றல் எல்லா நிலத்தும் விளையும். ஆயினும் இந்நூலுக்கு நிலம் மலேசியாவின் பேராக்கு மாநிலம்: ஈப்போ நகரும், சுங்கை சிப்புட் தொடங்கித் தெற்கே நீண்ட பழைய பால்மரக் (ரப்பர்) காடுகளும். இந்நிலத்துக்குரிய சாரார் இருவர். ஒருவர், 1954இல் பல தோட்டச் சங்கங்கள் ஒன்றாகி எழுந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தார், பி. பி. நாராயணன் அதன் முதற் பொதுச்செயலர். (சங்கத்தின் பெயரில் வடசொல் இரண்டு உள. பதிவுப்பெயர் ஆகலின் பொறுத்தோம்.) மற்றவர், தோட்ட முதலாளிமாரின் கூட்டமைப்பாகிய மாப்பா. இங்கே மாணாக்கன் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மலேசிய வானோட்டிகளின் அமைப்புக்கும் சுருக்கப்பெயர் மாப்பாவே. ஆகவே 'மாப்பா உடன்பட மறுத்தது' என்று படித்தால், மறுத்தவர் கூலி கொடுப்பவரா கேட்பவரா என்பதை மேசையைச் சுற்றி நடந்து பார்த்த பின்னரே துணிக.

அளவை. நிற்றலை அளக்க மணிப்பொறி உதவாது. மேலாளர் சாரார் அதை அடிக்கடி பார்ப்பதால் அதன் சான்று ஒருபாற் கோடியது. வேறு கோல் வேண்டும்; அது தோட்டத்தார் கையிலேயே உள்ளது. பேச்சுக்கு வரும் பால்வெட்டுத் தொழிலாளி, விடியுமுன் பெரட்டு என்னும் ஆளெண்ணும் கூட்டத்துக்குப் போய், தம் மரங்களை வெட்டி, மங்குகளில் வடிந்ததைத் திரட்டி, தோட்ட எழுத்தராகிய கிராணியிடம் நிறுத்துக் கொடுத்துவிட்டே ஈப்போவுக்குப் பேருந்து ஏறியவர். விரலிடுக்கிலும் நகவோரத்திலும் உலர்ந்த பால் படலமாய் ஒட்டியிருக்கும். எதிரே பேச்சு நின்றதும் அவர் கை மேசைக்கடியில் அப்படலத்தை உரிக்கத் தொடங்கும்; உரித்ததைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து உருட்டும். அரைமணியில் அது மிளகளவு. கூட்டம் கலையும்போது சுண்டைக்காய் அளவு. தரையில் போட்டால் துள்ளும். இதற்கு உருண்டை என்று பெயரிடுகிறேன். ஓர் உருண்டைக்குக் குறைந்தது சிறுநிற்றல்; மிக்கது பெருநிற்றல். வானோட்டிகளுக்கு உருண்டை வாய்க்காது. அவர்கள் எழுதுகோலின் தலையை அழுத்தி அழுத்தி விடுவர். அவர்க்குரிய அளவை சொடுக்கு. சொடுக்கை உருண்டையாக மாற்றும் வாய்பாடு இன்னும் வகுக்கப்படவில்லை.

இனி வகைகள்.

முதலாவது, முன்னிற்றல். பேச்சு தொடங்குமுன்பே நிற்பது. இதற்கு அடிநூல் 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டம். 'எம்மை ஏற்றுக்கொள்க' என்று சங்கம் கேட்டால் முதலாளி 21 நாளுக்குள் விடை சொல்லவேண்டும். ஏற்றபின், 'பேச வருக' என்ற அழைப்புக்கு 14 நாளுக்குள் விடை. வருவதாக விடை கிடைத்தபின் 30 நாளுக்குள் பேச்சு தொடங்கவேண்டும். இம்மூன்று எண்களையும் மாணாக்கன் நெட்டுருச் செய்க. செய்தபின் நாலாவது எண்ணைத் தேடுக. கிடைக்காது. தொடங்குதற்கு நாள் உண்டு, முடித்தற்கு நாள் இல்லை. இது சட்டம் வகுத்தோர் மறந்து விட்டது அன்று என்பாரும் உளர். நானும் அவருள் ஒருவன்.

முன்னிற்றலின் உள்வகை பலவாயினும் பயில வேண்டியது நாள்நிற்றல் ஒன்றே. கூடுதற்குரிய நாளைக் குறிக்கக் கூடி, குறிக்காது பிரிதல் இதன் இயல்பு. சீனப் பெருநாள் கழியட்டும் என்பர். கழிந்தால் நோன்புத் திங்கள். நோன்புப் பெருநாளுக்குப்பின் திறந்த இல்ல விருந்துகள். குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலுக்குக் காவடி புறப்படும் தைப்பூசம் பேராக்கில் பொது விடுமுறை. அன்று தொழிலாளர் சாராரே வாரார். எல்லாப் பெருநாளும் ஒழிந்த ஒரு கிழமை ஆண்டில் உண்டு. அக்கிழமையில் மேலாளர் விடுப்பில் இருப்பார்.

இரண்டாவது, நடுநிற்றல். பேச்சு நடக்கும்போதே நிற்பது. இதன் உள்வகை மூன்று: கோப்புநிற்றல், விலைநிற்றல், மேலிடநிற்றல்.

கோப்புநிற்றல் எளிது. 'அந்தக் கணக்கு இந்தக் கோப்பில் இல்லை' என்பது இதன் ஒலி. குளிர்பொறியை மேலும் ஒரு படி தாழ்த்துவது இதன் துணைவினை. அரைக்கைச் சட்டையோடு வந்தவர் முதலில் எழுவார்.

விலைநிற்றல் நுட்பமானது, சற்று நின்று பயில்க. பால்மரத் தோட்டக் கூலி நெடுங்காலமாகப் பால்விலையோடு கட்டப்பட்டது. நாட்கூலி, எடைக்கேற்ற மிகை, விலைக்கேற்ற மிகை எனப் பலவாகப் பிரிந்த அதன் கணக்கைத் தோட்டத்து மூதாட்டியர் மனக்கணக்காய்ச் சொல்வர்; படித்த பிள்ளைகள் தாளில் போட்டுத் தவறுவர். விலையைக் கொண்டு பேச்சு நிற்பது மூவழி. விலை இறங்கினால், 'இப்போது கொடுக்க இயலாது.' விலை ஏறினால், 'இந்த விலை நிலைக்காது.' ஏறாமலும் இறங்காமலும் கிடந்தால், 'போக்கு இன்னும் தெளியவில்லை.' நான்காவது நிலை விலைக்கு இல்லையாதலின் நான்காவது விடையும் இல்லை. வானூர்தி நிறுவனங்களில் பால்விலையின் இடத்தில் எரிநெய் விலை நிற்கும், இலக்கணம் மாறாது.

இங்கே ஓர் இடைப்பிறவரல். மழை பெய்தால் மரம் வெட்டமுடியாது. இலையுதிர் திங்களில் பால் சுருங்கும். திங்கட்கூலி வருமுன், வெட்டாத நாளுக்கு நாட்கூலியும் இல்லை. மேசையின் எதிர்ப்புறத்தில் அமர்ந்தவர்க்கோ மழையிலும் திங்கட்கூலி. ஆகவே ஒரே நிற்றல், ஒரு புறத்தில் நாள்தோறும் செலவு. மறுபுறத்தில் நாள்தோறும் வரவு. நிற்றலுக்கு உரிமையாளர் யார் என்னும் நெடுநாள் வழக்கு இதனால் தீரும்.

மேலிடநிற்றல் நடுநிற்றலுள் தலையாயது. 'மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறோம்' என்பது இதன் வாய்பாடு. மேலிடம் என்பது, அறையில் இருப்பவருள் எவரும் அல்லாதது. பழங்காலத்தில் பேராக்கின் பெருந்தோட்டங்கள் பலவற்றுக்கு மேலிடம் இலண்டன். துரை, துரைக்குமேல் கோலாலம்பூரில் ஒரு பெரிய துரை, அவர்க்குமேல் கடல் கடந்து பங்குதாரர். 1981 செப்டம்பர் 7 அன்று, மலேசியத் தேசிய முதலீட்டு நிறுவனம் இலண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணிக்குள் கத்ரி நிறுவனத்தின் பெரும்பங்குகளை வாங்கிக் கைப்பற்றிற்று. அவ்வாறே பிறவும் ஒவ்வொன்றாய் நாட்டார் கைக்கு வர, மேலிடம் இலண்டனிலிருந்து கோலாலம்பூருக்கு இடம் பெயர்ந்தது. ஈப்போவிலிருந்து முன்னது கடலுக்கு அப்பால். பின்னது காலையில் புறப்பட்டால் உணவுக்குமுன் சேரலாம். விடை வரும் விரைவில் மாற்றம் அளக்கப்படவில்லை. எனவே மேலிடத்தின் தொலைவு நிலத்தொலைவு அன்று எனத் துணிக.

மூன்றாவது, மன்றநிற்றல். இரு சாராராலும் நிறுத்தமுடியாத பேச்சை அரசு எடுத்துச் சென்று நிறுத்துவது. 1990இல் திங்கட்கூலி கேட்டுத் தோட்டத்தார் வேலையை நிறுத்தினர். பூசலை அரசு தொழிலுறவு மன்றத்துக்கு அனுப்பிற்று. அனுப்பியபின் வேலைநிறுத்தம் சட்டத்துக்கு மாறு. வெட்டுக்கத்திகள் மரத்துக்குத் திரும்பின. மன்றம் தன் தீர்ப்பைக் காலந்தாழ்த்தாது, இயலுமிடத்து 30 நாளுக்குள் வழங்குக என்கிறது சட்டம். 'இயலுமிடத்து' என்பது இயலாவிடத்தையும் உளப்படுத்தி நின்றது. வழங்கும் தீர்ப்பு பின்னோக்கிச் செல்லுதற்கும் எல்லை உண்டு: பூசல் மன்றத்துக்கு வந்த நாளுக்கு ஆறு திங்கள் முன்புவரை. அதற்கு முற்பட்ட உருண்டைகளுக்கு நிலுவை இல்லை.

திங்கட்கூலிக்குப் பின்னர் நேர்ந்ததையும் குறித்துக்கொள்க. 2000களின் தொடக்கத்தில் இரு சாராரும் ஒரு திங்கட்கூலிக்கு இணங்கினர். எல்லாத் தொழிலுக்கும் பொதுவாய்க் குறைந்த அளவுக் கூலி மேற்கு மலேசியாவில் 900 வெள்ளி (ரிங்கிட்) என நடைமுறைக்கு வந்தது 2013 சனவரி முதல் நாள். அது 2022 மே திங்களில் 1,500. 2025 பிப்ரவரியில் 1,700. திங்கட்கூலி கேட்டு வேலையை நிறுத்திய ஆண்டுக்கும் இக்குறைந்த அளவுக் கூலி நடைமுறைக்கு வந்த ஆண்டுக்கும் இடையே 23 ஆண்டு. உருண்டையில் கணக்கிட விரும்புவோர் கணக்கிடுக.

நான்காவது, வான்நிற்றல். பெயர் கண்டு மயங்கற்க; இது தரையிலேயே நிகழும். இதில் நோய்நிற்றல் என ஓர் அரிய உள்வகை உண்டு. இந்தியாவில் 2009 செப்டம்பரில் செட் ஏர்வேசு வானோட்டிகள் நூற்றுக்கணக்கானோர் ஒருங்கே நோயுற்றனர். சங்கம் கண்டோருள் இருவரை நிறுவனம் வேலைநீக்கம் செய்திருந்த நேரம் அது. ஐந்தாம் நாள் உடன்பாடு கண்டதும் அனைவர்க்கும் நோய் நீங்கிற்று. மருத்துவ நூலார் இந்நோய்க்கு இன்னும் பெயரிடாமை வியப்பு.

மற்றோர் உள்வகை சான்றுநிற்றல். அமெரிக்காவில் 1926ஆம் ஆண்டுத் தொடர்வண்டித் தொழிற்சட்டம் 1936இல் வானூர்திக்கும் விரிக்கப்பட்டது. அதன்படி வானோட்டியின் உடன்படிக்கைக்கு முடிவுநாள் கிடையாது. திருத்தத்தக்க நாள் மட்டுமே வரும், பழையது தொடர்ந்து ஓடும். பேச்சு உண்மையிலேயே நின்றுவிட்டது என்று நடுவர் வாரியம் சொல்லும்வரை நிற்றல் நிற்றலாகக் கருதப்படாது. சொல்லியபின்னும் சினம் ஆற 30 நாள். நிற்றலுக்கு அரசுச் சான்று வேண்டிய நிலம் அது. சின்சினாட்டி வட்டாரத்தில் சிறு வானூர்தி ஓட்டிய கோமேர் நிறுவனத்தின் வானோட்டிகள் இவ்வழி முழுதும் கடந்து 2001 மார்ச்சு 26 அன்று வேலையை நிறுத்தினர். 89 நாள் நீடித்தது. அது முறியும் பேச்சில் அடங்குமாதலின் இந்நூலுக்கு வெளியே போயிற்று.

ஐந்தாவது, இருக்கையொழி நிற்றல். ஒரு சாரார் இல்லாமற்போவதால் நிற்பது. 1978ஆம் ஆண்டின் இறுதியில் மலேசிய வானூர்தி நிறுவன ஊழியர் சங்கம் கூலி உயர்வு கேட்டு, நெறிப்படி மட்டுமே வேலை செய்யும் முறையைக் கைக்கொண்டது. 1979இல் அரசு சங்கத்தாரை உள்நாட்டுக் காப்புச் சட்டத்தின்கீழ்ச் சிறைவைத்தது. சங்கத்தின் பதிவும் நீக்கப்பட்டது. மறு ஆண்டு தொழிற்சட்டங்கள் இறுக்கப்பட்டன. இவ்வகைக்கு உள்வகை இல்லை. எடுத்துக்காட்டு இவ்வொன்றே போதும்.

ஆயினும் மெல்ல ஒழியும் இருக்கையும் உண்டு. பால்மரம் செம்பனையாயிற்று, செம்பனை வீட்டுமனையாயிற்று. தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பாகிய லயத்து வீடுகளைக் காலிசெய்யச் சொல்லி மடல் வந்தது. இம்மடலுக்கு மட்டும் முடிவுநாள் தெளிவாய்க் குறிக்கப்பட்டிருந்தது. எஞ்சிய மரங்களை இன்று வெட்டுவோர் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள நாட்டிலிருந்தும் வந்தவர். அவர்க்கு மேசையில் இடம் உண்டா என்பதில் நூலாரிடையே கருத்தொருமை இல்லை. உண்டு என்பது என் துணிபு.

புறனடை. கையெழுத்தாகும் உடன்படிக்கை மூவாண்டுக்குக் குறையாது ஓடவேண்டும் என்பது சட்டம். பேச்சு ஈராண்டு நின்று, உடன்படிக்கை முன்னாளிட்டு எழுதப்படின், மை உலர்ந்த ஓராண்டில் அடுத்த பேச்சுக்கு அழைப்பு விடுக்கவேண்டும். பழைய காப்பிக் குவளைகளைக் கழுவி வைக்க.

பயிற்சி. ஈப்போவில் ஓர் அறை. ஒருபுறம் நால்வர், மறுபுறம் மூவர். தட்டில் ஒரே ஒரு கறிபாப். இரு சாராரும் அதைப் பார்க்கின்றனர், எவரும் எடுக்கவில்லை. பால்விலை நேற்றுச் சற்று ஏறிற்று. கோலாலம்பூரிலிருந்து தொலைப்பேசி அழைக்கிறது. மேலாளர் வெளியே போகிறார். உருண்டை மிளகளவு தாண்டிவிட்டது. இந்நிற்றல் எவ்வகைத்து, எவ்வுள்வகைத்து என நிறுவுக. விடையை 14 நாளுக்குள் விடுக்க. திருத்தித் தருதற்கு நாள் குறிக்கப்படவில்லை.