கட்டுப் போட்ட கைக்குக் கைவிலங்கா?

கே: வீலிங் செய்து விழுந்து கையை உடைத்துக்கொண்டவனைச் சிறையிலும் போடுவது, வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது இல்லையா?
*(பைக் மெக்கானிக், விக்கிரவாண்டி)*

ப: யூடியூபர் டி.டி.எஃப். வாசனைச் சொல்கிறீர்கள். 2023 செப்டம்பர் 17 அன்று காஞ்சிபுரம் மாவட்டம் தாமல் அருகே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அவர் வண்டியைத் தூக்கினார். வண்டி அவரைத் தூக்கிப் போட்டது. கை முறிந்தது. இரண்டே நாளில் கைது, புழல் சிறை. ஜாமீன் கேட்டுப் போனால், பைக்கை எரித்துவிட்டு யூடியூப் சேனலையும் மூடலாமே என்று உயர் நீதிமன்றம் கடிந்துகொண்டது. நவம்பர் 1-ஆம் தேதிதான் ஜாமீன் கிடைத்தது. லைசென்ஸ் 10 ஆண்டுகளுக்கு இல்லை.

கை முறிந்ததற்கு யாரும் வழக்குப் போடவில்லை. அதே நேரம் பின்னால் ஒரு மொபெட், அதில் புருஷன், பெண்டாட்டி, நடுவில் குழந்தை என்று வந்திருந்தால்? வழக்கு அதற்குத்தான். நாற்பது நாளுக்கு மேல் சிறை என்பது எனக்கு அதிகமாகப் படுகிறது. லைசென்ஸ் விஷயத்தில் ஒரு நாள்கூடக் குறைக்கச் சொல்ல மாட்டேன்.

கே: எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயம் குடித்தவர்களுக்கு நிவாரணம் கொடுத்தார்களே, குடித்ததும் குற்றம்தானே?
*(மரக்காணம் வாசகர்)*

ப: குற்றம்தான். 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் குடிப்பவரையும் விடவில்லை. 2023 மே மாதம் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி வார்டில் போய் அதை வாசித்துக் காட்டியிருக்க வேண்டும் என்கிறீர்களா? விழுப்புரம் மாவட்டத்தில் மட்டும் 14 பேர் போனார்கள். அவர்கள் காசு கொடுத்தது சாராயத்துக்கு, கிடைத்தது தொழிற்சாலை மெத்தனால். அது உள்ளே போனதும் காட்டிக்கொள்ளாது. உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிய பிறகுதான் கண் மங்கும், மூச்சு இரைக்கும். ‘என்னப்பா குடிச்சே?’ என்ற டாக்டரின் கேள்விக்கு உண்மையான பதில் எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ, அவ்வளவுக்கு உயிர் நிற்கும். கட்டிலருகே போலீஸ் நோட்டும் பேனாவுமாக நின்றால், ‘பழைய சோறு ஒத்துக்கல சார்’ என்றுதான் வரும். (மெத்தனாலுக்கு முறிவு மருந்துகளில் ஒன்று சுத்தமான எத்தனால். இதைச் சொல்லி டாஸ்மாக் வரிசையில் யாரும் முன்னுரிமை கேட்காதீர்கள்.)

உண்மையான சிக்கல் இன்னொரு கட்டிலில் படுத்திருந்தது. அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்தில், விற்றதாகக் குற்றம்சாட்டப்பட்ட ஒருவரும் குடித்துவிட்டு சிகிச்சையில் இருந்தார். 50,000 ரூபாய் நிவாரணப் பட்டியலில் அவர் பெயரும் ஏறியது; விஷயம் வெளியே வந்ததும் நிறுத்தினார்கள். அவருக்கு வைத்தியமும் வேண்டும், வழக்கும் வேண்டும். காசோலைதான் வேண்டாம்.

கே: 16 வயதுப் பையன், அப்பா பைக்கை எடுத்துப்போய்க் காலை உடைத்துக்கொண்டான். வழக்கு யார் மேல்?
*(மயிலம் வாசகி)*

ப: கால் பையனுக்கு, கம்பி அப்பாவுக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ: பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. ‘எனக்குத் தெரியாமல் சாவியை எடுத்துட்டான்’ என்று நிரூபித்தால் தப்பலாம். ‘என் புள்ள சூப்பரா ஓட்டுவான்’ என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்தவர் நிரூபிப்பது கஷ்டம்.

கே: தாறுமாறாக ஓட்டித் தானே செத்தவன் மேல் எஃப்.ஐ.ஆர். போடுகிறார்களே, யாரைக் கைது செய்வது?
*(டீக்கடைக்காரர், ஒலக்கூர்)*

ப: எமனுடைய எல்லைக்குள் நம் ஸ்டேஷனுக்கு அதிகாரம் இல்லை. இறந்தவர் மேலுள்ள குற்ற வழக்கு அத்தோடு முடியும். தண்டனை வேறு வாசல் வழியாக வீட்டுக்குள் வரும். தன் வேகத்தாலேயே விழுந்து செத்தவரின் குடும்பம் மோட்டார் வாகனச் சட்டத்தில் இழப்பீடு கேட்க முடியாது என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அழுவது மனைவி, ஆக்ஸிலேட்டரை முறுக்கியது அவள் இல்லை. சட்டப்படி சரி, எனக்கு மனசு கேட்கவில்லை.

கே: எங்கள் ஜங்ஷனில் ஓடும் ரயிலில் தாவி ஏறி விழுகிறார்கள். அவர்களுக்கு நஷ்டஈடு ஒரு கேடா?
*(ஓய்வுபெற்ற எழுத்தர், விழுப்புரம்)*

ப: உங்களுக்கு இருக்கும் கோபம் உச்ச நீதிமன்றத்துக்கு இல்லை. ஏறும்போதோ இறங்கும்போதோ தவறி விழுவது கவனக்குறைவாக இருக்கலாம், ஆனால் வேண்டுமென்றே செய்துகொண்ட காயம் ஆகாது என்று ரீனா தேவி வழக்கில் 2018-இல் தீர்ப்பு வந்தது. செல்லுபடியாகும் டிக்கெட்டோடு பயணம் செய்து இறந்தால் 8 லட்சம். போதையில் விழுந்தால் கிடையாது. டிக்கெட் எடுத்தவனை விட எடுக்காதவன்தான் வேகமாகத் தாவுகிறான் என்பது என் பிளாட்பார அனுபவம்.

கே: தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் மேல் இன்னும் வழக்கு உண்டா?
*(செவிலியர், திண்டிவனம்)*

ப: இதில் கிண்டல் இல்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்தில் இடம்பெறவில்லை. அரசு ஊழியரைப் பணியவைப்பதற்காகத் தற்கொலைக்கு முயல்வது மட்டும் அதன் 226-ஆம் பிரிவில் குற்றம். 2017 மனநலச் சட்டமே அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதச் சொல்லிவிட்டது. அவருக்கு வேண்டியது கோர்ட்டு அல்ல, பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரும் ஆள். 104-க்கு அழைத்தாலும் பேசுவார்கள்.

கே: தானே விழுந்தவனுக்கும் 48 மணி நேரம் இலவச வைத்தியமா? என் வரிப்பணம்!
*(அரிசி மண்டிக்காரர், திண்டிவனம்)*

ப: 2021 டிசம்பரில் உங்கள் பக்கத்து மேல்மருவத்தூரில்தான் சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கான அந்தத் திட்டத்தைத் தொடங்கினார்கள். ரத்தம் ஒழுகும்போது யார் தப்பு என்று கேட்காததுதான் அதன் சிறப்பே. உங்கள் மகனும் அதே ரோட்டில்தான் காலேஜ் போகிறான்.

கே: சரி, திண்டிவனம் மேம்பாலத்துப் பக்கம் நீங்கள் ஒருமுறைகூட ராங் சைடில் போனதில்லையா?
*(அதே மண்டிக்காரர்)*

ப: கேள்வியை என் வக்கீலுக்கு அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு அவர்தான் பின் சீட்டில் இருந்தார்.