கூண்டில் கவிழும் நிபுணரை உருவாக்குவது எப்படி?

முதல் வேலையாக மாணவருக்கு ஒரு வெள்ளைக் கோட் வாங்கிக் கொடுங்கள். நுண்ணோக்கி முன்னால் நிறுத்தி ஒரு படமும் எடுத்துவிடுங்கள். பெற்றோருக்குத் திருப்தி, கல்லூரி மலருக்கு அட்டைப்படம். பாடத்திட்டத்தில் பாதி இதோடு முடிந்தது. மீதிப் பாதி, சாட்சிக் கூண்டு.

சென்னையிலோ திருநெல்வேலியிலோ குற்றவியல் படித்துக்கொண்டு விடுமுறைக்குப் புதுக்கோட்டை வரும் பிள்ளைகளை உட்காரவைத்து, தடயவியல் அறிக்கை எழுதவும் அந்த அறிக்கைக்காகக் கோர்ட்டில் பதில் சொல்லவும் பழக்கலாம் என்று கிளம்பியிருக்கும் நல்ல மனிதர்களுக்கானது இந்தக் கையேடு. தேவை பெருகிக்கொண்டே போகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176-ஆம் பிரிவு, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றம் என்றால் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போக வேண்டும் என்கிறது. ஏற்பாடு செய்துகொள்ள மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம். ஆக, நிறைய நிபுணர்கள் வேண்டும், சீக்கிரம் வேண்டும். அவசர அவசரமாக ஆள் தயாரிக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லைதான். இருந்தாலும் சில நுணுக்கங்கள் உண்டு.

பொட்டலத்தைப் பற்றி வகுப்பில் பேசவே பேசாதீர்கள். ஒரு கற்பனை வழக்கு வைத்துக்கொள்வோம். ஆலங்குடிப் பக்கம் முந்திரிக்காட்டில் ஒரு அரிவாளும் ரத்தம் தோய்ந்த சட்டையும் கிடைக்கின்றன. வி.ஏ.ஓ.வும் தலையாரியும் மகஜரில் கையெழுத்துப் போடுகிறார்கள். ஈரச் சட்டையை நிழலில் உலர்த்தி, காகிதத்தில் மடித்து, அரக்கு முத்திரை வைத்து அனுப்ப வேண்டும் என்பது புத்தகத்தில் இருப்பது. மாணவருக்கு அது வேண்டாம். கையில் கிடைத்த பாலிதீன் பையில் சுருட்டிப் போடச் சொல்லுங்கள். சித்திரை வெயிலுக்கு உள்ளே வியர்த்து, பூஞ்சை பூத்து, ஆய்வகத்தில் பிரிக்கும்போது மணமே முதல் சாட்சியாக வரும். ‘மனித ரத்தம், வகை கண்டறிய இயலவில்லை’ என்று ஒரு வரியில் அறிக்கை முடிந்துவிடும். எவ்வளவு நேரம் மிச்சம்!

நஞ்சு வழக்கென்றால் இன்னும் சுலபம். உள்ளுறுப்புகளைச் செறிந்த உப்புக் கரைசலில் வைத்து அனுப்புவார்கள். அதே உப்பில் ஒரு பிடியைத் தனியாகப் பொட்டலம் கட்டிக் கூடவே அனுப்புவது வழக்கம். நஞ்சு உடலிலிருந்து வந்ததா, உப்பிலிருந்தே வந்ததா என்று நாளைக்கு ஒருவர் கேட்பார் என்பதற்காக. உப்பை எவன் சந்தேகப்படப் போகிறான் என்று விட்டுவிடுங்கள். சென்னையில் 1849-இலேயே நஞ்சு கண்டறிய வேதியியல் பரிசோதகர் ஆய்வகம் வைத்தவர்கள் இதையெல்லாம் யோசித்திருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு வேலை இல்லை போலும்.

பொட்டலம் பற்றிச் சொல்லித்தராததன் பலன் மாதிரி நீதிமன்றத்தில் தெரியும். உள்ளூர் வக்கீல் ஒருவரை அழைத்து, மாணவரைக் கூண்டில் ஏற்றுங்கள்.

“சட்டை உங்கள் ஆய்வகத்துக்கு எந்தத் தேதியில் வந்தது?”

“பதினெட்டாம் தேதி, ஐயா.”

“போலீஸ் கைப்பற்றியது அதற்கு முந்தின மாதம் மூன்றாம் தேதி. நடுவில் எங்கே இருந்தது?”

“ஸ்டேஷனில் பத்திரமாகத்தான் இருந்திருக்கும், ஐயா.”

“இருந்திருக்கும் என்றால்? ஸ்டேஷன் ரைட்டர் உங்களுக்குச் சொந்தக்காரரா?”

இந்த இடத்தில் வகுப்பு கைதட்ட வேண்டும். ‘என்னிடம் வரும்போது முத்திரை உடையாமல் இருந்தது, மாதிரி முத்திரையோடு ஒத்திருந்தது, அதற்கு முன் எங்கிருந்தது என்பது எனக்குத் தெரியாது’ என்று ஒரு மாணவி சொல்லிவிட்டால் ஆபத்து. அவரிடம் மேற்கொண்டு கேட்க வக்கீலுக்கு ஒன்றும் இருக்காது. அப்படிப்பட்ட பிள்ளைகளை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து வேறு படிப்புக்கு அனுப்பிவிடுவது நல்லது.

பாடத்தில் சேர்க்கக் கூடாத தீர்ப்பு ஒன்றுண்டு. தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011-இல் நடந்த இரட்டைக் கொலை வழக்கு. மதுரைக் கிளை வரை உறுதியான மரண தண்டனையை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் ரத்து செய்து, தண்டிக்கப்பட்டவரை விடுதலை செய்தது. டி.என்.ஏ. அறிக்கை இருந்தது. மாதிரிகள் யார் கையில், எத்தனை நாள், எப்படி இருந்தன என்பதற்கு நம்பத்தக்க கணக்குதான் இல்லை. அதோடு விடாமல் நாட்டுக்கே நெறிமுறை வகுத்தார்கள்: மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும், கை மாறும் ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் ஏற வேண்டும், அந்தப் பதிவேடு வழக்கின் முடிவு வரை இருக்க வேண்டும். இரண்டு உயிர் போன வழக்கில் கடைசி வரை யாருக்கும் பதில் கிடைக்காமல் போனதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் காரணம் என்று மாணவருக்குத் தெரிந்தால், பாவம், வெள்ளைக் கோட்டின் மீதே வெறுப்பு வந்துவிடும்.

அடுத்து, அறிக்கை எழுதும் முறை. முடிவை முதலில் எழுதச் சொல்லுங்கள், காரணத்தை எழுதவே வேண்டாம். இன்ஸ்பெக்டரின் கடிதத்தில் ‘குற்றவாளி’ என்று யார் பெயர் இருக்கிறதோ அதைப் பார்த்து எழுதினால் தப்பே வராது. இமாச்சலத்தில் ஆப்பிள் நோய் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு நேர் எதிராக ஒன்று சொல்லிவைத்தது. நீதிபதி தாமே சோதித்து முடிவுக்கு வருவதற்கான அறிவியல் அளவுகோல்களை எடுத்துக் கொடுப்பதுதான் நிபுணரின் கடமையாம். ‘நான் சொல்கிறேன், நம்புங்கள்’ என்பது போதாதாம். நீதிபதிக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்க நமக்கு யார் சம்பளம் தருகிறார்கள்?

பழைய ஆட்களைப் பின்பற்றுவதும் வீண். 1952-இல் ஆளவந்தார் கொலை வழக்கு. தலையில்லாத உடல் டிரங்குப் பெட்டியில் ரயிலேறி மானாமதுரை வரை வந்தது; தலை ராயபுரம் கடற்கரையில் ஒதுங்கியது. சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சி.பி. கோபாலகிருஷ்ணன் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்து ஒரே ஆளுடையவை என்றார். ஆளவந்தார் முன்பு ராணுவத்தில் இருந்தவர், அங்கே பதிவான கைரேகையோடு உடலின் கைரேகை பொருந்தியது. ஊரெல்லாம் கள்ளக்காதல் கதை பேசிக்கொண்டிருந்தது. கழுத்தையும் ரேகையையும் பார்க்க வேண்டியவர்கள் அவற்றைப் பார்த்தார்கள். இன்றைய மாணவர் என்றால் அறிக்கையிலேயே கொலைக்கான நோக்கத்தையும் எழுதி, தலைப்பும் வைத்திருப்பார். அந்தத் திறமையை ஊக்குவியுங்கள்.

இனி, ‘சரியல்ல’ பயிற்சி. கையேட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

நம் கோர்ட்டுகளில் குறுக்கு விசாரணையின் கடைசிப் பகுதி எப்படிப் பதிவாகும் என்று வாக்குமூலம் படித்தவர்களுக்குத் தெரியும். ‘நான் முறையாகப் பரிசோதனை செய்யவில்லை என்று சொன்னால் சரியல்ல. காவல்துறைக்கு உதவுவதற்காகப் பொய்யான அறிக்கை கொடுத்துள்ளேன் என்று சொன்னால் சரியல்ல.’ பத்துக் கேள்வி, பத்து ‘சரியல்ல’. மாணவரைக் காலை, மாலை இதைச் சொல்ல வையுங்கள். கேள்வி முடிவதற்குள் பதில் வர வேண்டும். அந்த வேகம் வந்தபின், வக்கீல் பதினோராவதாகக் குரலை இறக்கி ஒன்று கேட்பார்: “இந்த முறையில் தவறு நேர வாய்ப்பு உண்டு என்று சொன்னால்?” பழகிய வாய் ‘சரியல்ல’ என்று சொல்லிவிடும். தவறே நேராத அறிவியல் முறை ஒன்றைக் கண்டுபிடித்த முதல் மனிதர் புதுக்கோட்டையில் கூண்டில் நிற்கிறார் என்பதை வக்கீல் எழுதிக்கொள்வார். மற்ற பத்து ‘சரியல்ல’வும் அந்த ஒன்றோடு சேர்ந்து விழும்.

இதில் நாம் மட்டும் கெட்டிக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். 2004-இல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு கைரேகையை அமெரிக்க எஃப்.பி.ஐ. பார்த்து, ஓரிகன் மாநிலத்துக்காரர் ஒருவருடையது, நூற்றுக்கு நூறு என்றது. அவர்களுடைய நிபுணர்கள் ஒருவர் பின் ஒருவராக ஆமோதித்தார்கள். கோர்ட் நியமித்த தனி நிபுணரும் ஆமோதித்தார். ஸ்பெயின் போலீஸ், அது வேறொருவருடையது, ஒரு அல்ஜீரியருடையது என்று காட்டிய பிறகு எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது. பிடித்து வைத்திருந்த ஆள் தொழிலால் வக்கீல் என்பது கூடுதல் சிறப்பு. முதல் ஆள் சொன்னது தெரிந்தபின் இரண்டாம் ஆள் பார்த்தால் என்ன தெரியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆகவே வகுப்பில் சொல்லாதீர்கள்.

ஒரு விஷயத்தில் கேலியைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்கிறேன். புதுக்கோட்டையில் இந்தப் பாடம் நடத்திக்கொண்டு வேங்கைவயலைப் பேசாமல் இருக்க முடியாது. முட்டுக்காடு ஊராட்சி, இறையூர் பக்கத்தில் பட்டியலின மக்கள் குடியிருப்பு. 2022 டிசம்பரில் பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போக, மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தால் குடிநீரில் மனிதக் கழிவு. விசாரணை அடுத்த மாதமே சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. டி.என்.ஏ. மாதிரி எடுத்தார்கள். பாதிக்கப்பட்டவர்களிடமே கேட்கிறீர்களே என்று சிலர் கொடுக்க மறுத்தார்கள். பொருத்தம் கிடைக்கவில்லை. செல்போன் உரையாடல்கள் குரல் பரிசோதனைக்குப் போயின. 2025 ஜனவரியில் அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீது குற்றப்பத்திரிகை. ஊர் ஏற்கவில்லை, சி.பி.ஐ. வேண்டும் என்ற குரல் எழுந்தது. யார் செய்தார் என்பது கோர்ட் சொல்ல வேண்டியது. மாணவர் படிக்க வேண்டியது வேறு. டி.என்.ஏ. பொருந்தவில்லை என்றால், மாதிரி கொடுத்தவர்களுடையது அந்தத் தடயத்தில் தென்படவில்லை என்பது மட்டும்தான் பொருள். குரல் ஒத்துப்போகிறது என்றால், பேசியவர் இவராக இருக்கலாம் என்பதுதான். பேசியதன் அர்த்தத்தை ஆய்வகக் கருவி சொல்லாது. தண்ணீர்த் தொட்டியில் இறங்கிய பொருளில் எவ்வளவு டி.என்.ஏ. மிஞ்சும் என்று கேட்கத் தெரிந்த மாணவர், இரண்டு பக்கத்துக் கூச்சலுக்கும் நடுவில் உருப்படியாக ஒரு வரி எழுதுவார். இரண்டு பக்கத்துக்கும் அந்த வரி பிடிக்காது.

சரி, கையேட்டுக்குத் திரும்புவோம். இத்தனை பயிற்சியும் தேவைதானா என்று சிக்கனமான ஆசிரியர் ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அரசு ஆய்வக நிபுணர்கள் பலருடைய அறிக்கையை, அவர்களை அழைக்காமலேயே சான்றாக எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் வழியிருக்கிறது. பழைய நடைமுறைச் சட்டத்தில் 293, இப்போதைய சன்ஹிதாவில் 329-ஆம் பிரிவு. கூண்டைப் பார்க்காமலேயே ஓய்வுபெறும் வாய்ப்பு உண்டு. தொல்லை என்னவென்றால், கோர்ட் நினைத்தால் அழைக்கலாம். சம்மன் வரும்போது பொட்டலம் பிரித்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும், நிபுணர் வேறு மாவட்டத்துக்கு மாறுதலாகி இருப்பார். அரிவாளின் எந்தப் பக்கத்தில் கறை இருந்தது, எத்தனை இடத்தில் பஞ்சால் ஒற்றி எடுத்தார், கட்டுப்பாட்டு மாதிரி என்ன காட்டியது என்பதெல்லாம் அன்றன்றைக்கு மேஜையில் எழுதிய நோட்டில்தான் இருக்கும். அச்சடித்த அறிக்கையில் இருக்காது. அந்த நோட்டைக் கையோடு கொண்டுவந்து, அனுமதி கேட்டுப் புரட்டிப் பார்த்துப் பதில் சொல்கிற சாட்சியை அசைப்பது கஷ்டம்.

எனவே பயிற்சி முடிந்ததும் பிள்ளைகளின் ஆய்வகக் குறிப்பேடுகளை எல்லாம் சேகரித்து, தேதி, கையெழுத்து சரிபார்க்காமல், கட்டாகக் கட்டிப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுங்கள். சான்றிதழை மட்டும் லேமினேட் செய்து கொடுங்கள்.