சர்வீஸ் சென்டர் மகாத்மியம்

அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல ஊரில் ஆளில்லை. மைலேஜ் குறைந்துவிட்டது, பில் கூடிவிட்டது, முந்தாநாள் விட்ட வண்டி இன்னும் வரவில்லை என்று குறை சொல்லத்தான் கூட்டம் இருக்கிறது. லட்ச ரூபாய் கொடுத்து வண்டி வாங்கிய மனிதனை, அந்த வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் தொல்லையிலிருந்து அடியோடு விடுவித்தவர்கள் சர்வீஸ் சென்டர்காரர்கள்தான். அந்த உபகாரத்தை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

நம் அப்பாக்களுக்கு இந்த விடுதலை வாய்க்கவில்லை. புல்லட் வைத்திருந்தவர் அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஸர் லிவரைப் பிடித்து, பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று காலாலேயே தெரிந்துகொண்டு உதைக்க வேண்டியிருந்தது. சேத்தக்காரர் காலையில் அலுவலகம் கிளம்புமுன் ஸ்கூட்டரை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து நிற்பார். ஆர்எக்ஸ் 100 வைத்திருந்த கல்லூரிப் பையனுக்கு சைலன்சருக்குள் கரி படியும் என்பதுகூடத் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் வாசலில் பழைய பேப்பரை விரித்து, பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்ப்பார்கள். நகக்கண்ணில் கறுப்பு, பனியனில் ஆயில். மனைவிமார்கள் பட்ட பாட்டை இலக்கியம் இன்னும் பதிவு செய்யவில்லை. படித்த மனிதர்கள் ஒரு யந்திரத்தோடு இவ்வளவு நெருக்கமாகப் பழகுவது அநாகரிகம் என்று அன்றைக்கு யாருக்கும் உறைக்கவில்லை.

இன்றைக்கு நாம் எவ்வளவோ முன்னேறிவிட்டோம். கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் ஏசி முகத்தில் அடிக்கிறது. இஸ்திரி கலையாத சட்டையில் சர்வீஸ் அட்வைசர் கையில் டேப்லெட்டோடு எழுந்து நிற்கிறார்.

“சொல்லுங்க சார், என்ன கம்ப்ளைன்ட்?”

“பின்னாடி பிரேக் புடிச்சா கிறீச்சுனு சத்தம் வருது.”

“ஜெனரல் சர்வீஸ்ல எல்லாம் பாத்துருவாங்க சார்.”

இந்த ஒரு வாக்கியத்தின் அருமையைக் கவனிக்க வேண்டும். அதில் ‘எல்லாம்’ இருக்கிறது. எல்லாம் இருக்கும் இடத்தில் பிரேக் மட்டும் தனியாக எதற்கு? அதனால்தான் ஜாப் கார்டில் அது ஏறுவதில்லை. டீஃப்லான் கோட்டிங் வேண்டுமா, எஞ்சின் டீகார்பனைசிங் செய்துவிடலாமா என்ற கேள்விகள் மட்டும் மறக்காமல் வருகின்றன. வேலை நடக்கும் இடம் கருவறை மாதிரி. தள்ளி நின்று தரிசிக்கலாம், உள்ளே போகக் கூடாது. ‘தங்கள் பாதுகாப்பு கருதி அனுமதியில்லை’ என்று பலகையே வைத்திருக்கிறார்கள். உள்ளே கிடக்கும் ஸ்பேனர் நம் காலில் விழுந்துவிடக் கூடாது என்ற கரிசனம். சில இடங்களில் வெளியே டிவி வைத்து உள்ளே நடப்பதைக் காட்டவும் செய்கிறார்கள். கேமரா பெரும்பாலும் வாட்டர் வாஷ் செய்யும் இடத்தைப் பார்த்துத்தான் இருக்கும்.

அதுவும் நியாயம்தான். சர்வீஸ் என்ற மகா காவியத்தின் உச்ச காண்டமே வாட்டர் வாஷ்தானே. மாலையில் வண்டி வெளியே வரும்போது வாங்கிய அன்று மாதிரி இருக்கும். டேங்க்கில் நம் முகம் தெரியும். டயருக்குக்கூட பாலிஷ். அதியமானின் வேல்கள் நுனி ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்க, தொண்டைமானின் ஆயுதங்கள் மட்டும் மயிற்பீலி அணிந்து நெய் மினுங்கக் காவல் மனையில் இருந்ததை ஔவை வாயாரப் புகழ்ந்தாளே, அந்தப் புகழுக்கு இன்று தமிழ்நாட்டில் முழுத் தகுதி உள்ளவை சர்வீஸ் முடிந்து வரிசையாக நிற்கும் பைக்குகளே. உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் அந்தத் தண்ணீர் மண்ணை மட்டும் எடுப்பதில்லை. செயினில் இருந்த ஆயிலையும் எடுத்துவிடுகிறது. ஒயர் கனெக்டர்களுக்குள்ளும் புகுந்து பார்க்கிறது. மறுநாள் காலையில் செயின் லேசாகச் செம்பு நிறத்தில் பூத்திருக்கும். அதற்கும் மருந்து அவர்களிடமே உண்டு: செயின் கிளீனிங், லூப், பில்லில் தனி வரி.

பில்லைப் பற்றி வாய் திறந்தாலே சிலருக்கு ரத்தம் கொதிக்கிறது. படிக்கத் தெரியாததால் வரும் கோளாறு அது. ‘ஃப்ரீ சர்வீஸ்’ என்றால் கூலிதான் இலவசம், ஆயிலும் மற்றதும் நம் கணக்கு என்பதைக் கூப்பனிலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ‘கன்ஸ்யூமபிள்ஸ்’ என்று ஒரு வரி வரும். அது என்ன என்று நான் பார்த்து ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் கிரீஸ், கழிவுத்துணி என்று பதில் வரும். ஒரு டப்பா கிரீஸை எத்தனை வண்டிகளுக்கு எவ்வளவு நியாயமாகப் பங்கிட்டிருப்பார்கள் என்று நினைத்தால் கண் கலங்கும். 100 சிசி வண்டிகள் பலவற்றுக்கு ஆயில் மாற்றும்போது ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத்தான் பிடிக்கும். பில்லில் முழு லிட்டர் இருந்தால் மிச்சம் எங்கே என்று கேட்பது மரியாதையல்ல. சில எஞ்சின்களில் டாப்பெட் ஹைட்ராலிக். அதில் இடைவெளியை ஆயில் அழுத்தமே பார்த்துக்கொள்ளும், மனிதன் கை வைக்க இடமே கிடையாது. அந்த வண்டிக்கும் ‘டாப்பெட் அட்ஜஸ்ட்மென்ட்’ போட்டிருந்த பில்லை நானே பார்த்திருக்கிறேன். இல்லாத திருகைத் திருப்பும் வித்தைக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து வாங்கியது, கலைஞனுக்கு மிகக் குறைந்த சன்மானம்.

ஏர் ஃபில்டரும் அப்படியே. இப்போது பல வண்டிகளில் வருவது எண்ணெய்ப் பசை ஊட்டிய காகித ஃபில்டர். அதைச் சுத்தம் செய்யாதே, காற்று அடிக்காதே, குறித்த கிலோமீட்டரில் மாற்று என்று தயாரித்தவனே எழுதியிருக்கிறான். அவன் என்ன, எங்கோ தொழிற்சாலையில் உட்கார்ந்திருப்பவன். இங்கே கம்ப்ரசர் கையில் இருக்கும் தம்பிக்கு அனுபவம் இருக்கிறது. புஸ் என்று அடித்து அப்படியே மாட்டிவிடுகிறான். கழற்றிய கவரில் ஆறு ஸ்க்ரூ இருந்தது, திரும்பி வந்தபோது நாலுதான் இருக்கிறது என்று அழுகிறார்கள் சிலர். நாலிலேயே நிற்கிறது என்றால் இரண்டு வீண்தானே. வண்டியின் எடையையும் குறைத்துத் தந்திருக்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத வேலைகளில் வாடிக்கையாளரின் பணத்தை வீணாக்காத குணமும் சொல்லப்பட வேண்டும். டிஸ்க் பிரேக்கில் ஊற்றும் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். டாட் 4 வகைக்குத் தர விதி, புதிதில் குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறியபின் 155 டிகிரி. அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றினாலும் வண்டி பளபளக்காது, ஓனருக்கும் தெரியாது. ஆகவே பெருந்தன்மையாக விட்டுவிடுகிறார்கள். அந்த நேரத்தில் டேங்க்குக்கு இன்னொரு சுற்று பாலிஷ்.

இத்தனை வசதிக்கு நடுவிலும் திருந்தாத ஜென்மங்கள் உண்டு. எங்கள் தெருவில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். அவருடைய அற்பத்தனத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வண்டியோடு வந்த மேனுவலை பிளாஸ்டிக் கவர் போட்டு வைத்திருக்கிறார். வைத்திருப்பதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, படிக்கவும் செய்கிறார். ஆயில் குச்சியைச் சில வண்டிகளில் மரையில் திருகாமல் சும்மா நுழைத்துப் பார்க்க வேண்டும், சிலவற்றில் திருகிப் பார்க்க வேண்டும், மாற்றிச் செய்தால் அளவு தப்பாகக் காட்டும் என்பது அவருக்குத் தெரியும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலை வைத்து ஆட்டிப் பார்ப்பார். சிறிய வண்டிகள் பலவற்றுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை ஆட வேண்டும் என்பது கணக்கு. வீலைச் சுற்றிச் சுற்றி, எங்கே செயின் மிக இறுக்கமோ அங்கே அளக்கிறார். சத்தம் வருகிறது என்றால் விறைப்பாக இழுத்துக் கட்டிவிடும் எளிய முறை அவருக்குப் பிடிக்காது. கியர்பாக்ஸ் பேரிங்கும் செயின் செட்டும் சேர்ந்து தேயுமாம். தேயட்டுமே, அதை மாற்றுவதற்கும் சர்வீஸ் சென்டர்தானே இருக்கிறது?

டயருக்கு முன்னால் 25, பின்னால் 29 என்று ஒட்டியிருந்தால் அந்த எண்களையே பிடித்துக்கொண்டு தொங்குவார். இரண்டிலும் 40 அடித்து அனுப்பும் தாராளம் அவருக்குப் புரியாது. பொட்டிக்கடையில் கார் ஆயில் விலை குறைவு என்றாலும் ஜாசோ எம்ஏ முத்திரை இல்லாததைத் தொட மாட்டார். பைக்கில் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே முழுகிக் கிடப்பதால், வழுக்கலுக்கென்று மருந்து கலந்த கார் ஆயில் கிளட்சையும் வழுக்க வைக்கும் என்று விளக்கம் வேறு. டிரெயின் போல்ட்டை அளவோடுதான் முறுக்குவார். அலுமினியத்தில் மரை போய்விட்டால் கிராங்க்கேஸுக்கே செலவு என்று பயம். ஏர் கன்னால் ஒரே இழுப்பில் இறுக்கும் பையன்களின் வீரத்தில் கால்வாசி கிடையாது. பின் பிரேக் டிரம்மின் மேல் உள்ள சின்ன அம்புக்குறி, பிரேக்கை அழுத்தும்போது எதிரே உள்ள கோட்டைத் தொட்டால் ஷூ தேய்ந்துவிட்டது என்று அர்த்தமாம். அதைக் குனிந்து பார்ப்பதற்கு வெட்கம்கூடக் கிடையாது.

ஒருநாள் அவர் பின் வீலைக் கழற்றிப் பிரேக் ஷூவின் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தபோது பொறுக்காமல் கேட்டேன். “எதுக்கு சார் இந்த வயசுல? சர்வீஸ்ல விட்டா ஆகாதா?”

“விடலாம் தம்பி. நான் ஓட்டப்போற வண்டியில பிரேக் புடிக்குமான்னு இன்னொருத்தர்ட்ட கேட்டா தெரிஞ்சுக்கணும்?”

எவ்வளவு அவநம்பிக்கை பாருங்கள். உதிரிப் பாகம் வேண்டுமென்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு வரைக்கும் பஸ்ஸில் போய், எம்ஆர்பி பார்த்து வாங்கி வருகிறார். அவர் வண்டி அழுக்காகத்தான் இருக்கிறது. முதல் கிக்கில் ஸ்டார்ட் ஆகிறது என்பது வேறு விஷயம்.

இப்படிப்பட்டவர்களை வழிக்குக் கொண்டுவரத்தான் வாரண்டி என்ற ஒன்றை ஏற்பாடு செய்திருக்கிறார்கள். “வெளிய கை வெச்சா வாரண்டி போயிடும் சார்” என்று அட்வைசர் குரலைத் தாழ்த்திச் சொல்லும்போது அதில் ஒரு தாயின் கவலை தெரியும். இந்தக் கவலையைப் புரிந்துகொள்ளாத அதிகாரிகளும் இருக்கிறார்கள். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிப் பாகங்களை வெளிச் சந்தையில் கிடைக்கவிடாமல் செய்தது தவறு, வெளியே பழுது பார்த்தாலே வாரண்டி ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக் கூடாது என்றது. அது கார் விவகாரம், அப்புறம் மேல்முறையீடுகளும் நடந்தன என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். அமெரிக்காவிலோ பைக்கையே தொட்டுவிட்டார்கள். 2022-ல் அந்நாட்டு மத்திய வணிக ஆணையம் ஹார்லி டேவிட்சன் மீது, இதே மாதிரியான வாரண்டி நிபந்தனைக்காக நடவடிக்கை எடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் நம் மத்திய அரசும் ‘பழுது பார்க்கும் உரிமை’க்கென்று இணையதளம் திறந்தது. உரிமையாம். நம்மில் யார் கேட்டோம்?

சர்வீஸ் சென்டர் இல்லாமல் முடியாத வேலைகளும் உண்டு, மறுக்கவில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்தபின் பெரும்பாலான வண்டிகளில் கார்பரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. மீட்டரில் எஞ்சின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஏபிஎஸ் கோளாறு, கம்பெனியே திரும்ப அழைத்து மாற்றித் தரும் பாகம் இவற்றுக்கெல்லாம் வாத்தியாரே அங்கேதான் போகிறார். போய், மற்றதைத் தொட வேண்டாம், வாஷ் பண்ண வேண்டாம் என்று ஜாப் கார்டில் எழுதி வாங்குகிறார். அவரைக் கண்டால் அட்வைசர் சாப்பிடப் போய்விடுகிறார்.

என்னைப் போன்றவர்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது. வண்டியைக் கையில் கொடுக்கும்போது அட்வைசர் சிரித்துக்கொண்டே சொன்னார், “நாளைக்கு கம்பெனியில இருந்து ஃபீட்பேக் கால் வரும் சார். பத்துக்குப் பத்து போட்டுருங்க. ஒம்போது போட்டாகூட எங்களுக்கு ஃபெயில்தான்.” கால் வந்தது. வரவேற்பு எப்படி, காத்திருக்கும் அறை சுத்தமா, வண்டி சொன்ன நேரத்துக்குக் கிடைத்ததா, வாஷிங் திருப்தியா என்று வரிசையாகக் கேட்டாள் ஒரு பெண். எல்லாவற்றுக்கும் பத்து. பின் பிரேக் இன்னும் கிறீச்சிடுகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தக் கேள்வி அவளுடைய பட்டியலிலேயே இல்லை.