பேட்டரிக்கு எந்த மூலை?

என் மச்சான் திருமங்கலத்தில் கார் கட்டுகிறான். பழைய மாருதி 800-இன் எஞ்சின், சதுரக் குழாயில் பற்றவைத்த சேசிஸ், தகரத்தில் பாடி. அழகுக்காக பானெட்டைக் குறுக்கியதில் பேட்டரிக்கு இடமில்லாமல் போயிற்று. ரேடியேட்டரோரம் ஒண்டுக்குடித்தனம் வைத்தால் சித்திரை வெயிலும் எஞ்சின் சூடும் சேர்ந்து அதன் ஆயுளைக் குடித்துவிடும். பின்னால்தான் கொண்டுபோக வேண்டும். பின்னால் எங்கே?

விஷயம் வெளியே கசிந்ததுதான் தாமதம், தெருவே யோசனை சொல்ல வந்துவிட்டது. ஃபார்முலா கொடுப்பது இந்த ஊருக்குப் புதிதா என்ன? 2009 இடைத்தேர்தலில் ஓட்டுக்குக் காசு என்று 'திருமங்கலம் ஃபார்முலா'வையே நாட்டுக்குக் கொடுத்தோம்.

"பேட்டரின்னா நெருப்பு. அக்கினி மூலையில வைடா" என்றார் பெரியப்பா. அதாவது தென்கிழக்கு.

"வடக்க மதுரைக்குப் போனா அது வலது பக்கம் பின்னாடி வரும் பெரியப்பா. தெக்க விருதுநகருக்குத் திரும்பினா இடது பக்கம் முன்னாடில்ல வருது?"

"அப்ப மதுரைக்கு மட்டும் ஓட்டு."

"திரும்பி வரணுமே?"

"ரிவர்ஸ்ல வா."

மச்சானின் கணக்கு வேறு. ஓட்டுபவர் வலது பக்கம் உட்கார்வதால் பேட்டரி இடது பின்மூலைக்குப் போனால் எடை சமனாகும். நல்ல கணக்குத்தான். ஆனால் மச்சானின் உடம்புக்கு ஈடுகட்ட லாரி பேட்டரி வேண்டும்.

பேட்டரியை இடம் மாற்றுவது கொலைக்குற்றமல்ல. 1959-இல் வந்த மினி காரில் அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் பேட்டரியை டிக்கியில்தான் வைத்தார். பழைய வோக்ஸ்வாகன் பீட்டிலில் பின்சீட்டுக்கு அடியில் இருக்கும். தூரம் கூடினால் வயரும் தடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்டார்ட்டர் ஒரே இழுப்பில் நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும். ஒல்லி வயர் போட்டால் 'டொக்' என்று ஒரு சத்தம், பிறகு மௌன விரதம். கடைசியில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் சுண்டுவிரல் தடிமனில் வெல்டிங் கேபிள் கொண்டுவந்தார். தகரத்தில் ஓட்டை போட்ட இடத்தில் ரப்பர் புஷ் மாட்டி அதன் வழியே நுழைத்தார். பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ். "தகர விளிம்பு கேபிளை அறுத்துச்சுன்னா ஃபியூஸ் போகும். ஃபியூஸ் இல்லேன்னா நீங்க போவீங்க" என்று அன்பாக விளக்கினார். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வருமென்று பெட்டிக்கு மூடி போட்டு, வெளியே ஒரு குழாயும் விட்டார்.

"இவ்வளவு பாடு எதுக்கு? ஒதைச்சு ஸ்டார்ட் பண்ணு" என்றாள் அத்தை. அத்தையைக் கேலி செய்ய வழியில்லை. மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் ஒருவர் பழைய இரும்பில் கட்டிய குட்டி ஜீப் உதைத்துத்தான் கிளம்பியது. 2021-இல் அதைப் பார்த்த ஆனந்த் மஹிந்திரா, விதிப்படி அது சாலையில் ஓட முடியாது என்று சொல்லி, மாற்றாக பொலேரோ கொடுத்தார்.

மச்சான் வண்டிக்கும் பதிவு எண் கிடைக்காது. வீட்டு வாசலைத் தாண்ட முடியாது. பக்கத்துக் கப்பலூர் சுங்கச்சாவடியோடு எந்தக் கட்டணத் தகராறும் இல்லாத ஒரே திருமங்கலத்து கார் அதுதான்.